காதுக்கு ஒன்றுமில்லை

எனக்குக் காது மந்தம் என்பது எங்கள் வீட்டில் வெகுநாளாக நிலவிவந்த தீர்ப்பு. மேல்முறையீட்டுக்கு வழியே இல்லாமல் இருந்தது. கடைசியில் என் மனைவியே என்னைக் காது டாக்டரிடம் அழைத்துப் போனாள். ஒரு சின்ன அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, எந்தச் சத்தம் கேட்டாலும் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். பள்ளிக்கூடப் பரீட்சையில்கூட நான் அவ்வளவு கவனமாக இருந்ததில்லை. எறும்பு இருமினாற்போல ஒரு ‘பீ’ கேட்டாலும் அமுக்கினேன். டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு மலையாளத்தில் சொன்னார்: “காதினு ஒரு குழப்பவுமில்லா, சாரே. ஈ பிராயத்தில் இத்ர நல்ல கேள்வி ஞான் கண்டிட்டில்லா.” காதில் ஒரு குறையும் இல்லை, இந்த வயதில் இவ்வளவு நல்ல செவித்திறனைக் கண்டதில்லை என்று பொருள்.

நிமிர்ந்து உட்கார்ந்து மனைவியைப் பார்த்தேன். அவள் முகத்தில் முதலில் நிம்மதி தெரிந்தது. உடனே ஏதோ கூட்டிக் கழித்துப் பார்த்தாள்.

“அப்போ இத்தனை வருஷமும் வேணும்னுதான் செஞ்சிருக்கீங்க.”

ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டுவதற்குள் என்மேல் இருந்த குற்றப்பிரிவே மாறிவிட்டது. அதுவரை கவனக்குறைவு, இனி உள்நோக்கம். காது மந்தமாகவே இருந்திருக்கலாம் என்று ஆட்டோவில் வரும்போது நினைத்துக்கொண்டேன்.

அன்று முதல் என் வழக்குக்கு நானே வக்கீல். அகப்பட்டதையெல்லாம் படித்ததில் 1953இல் காலின் செர்ரி என்ற ஆங்கிலேயர் செய்த சோதனை ஒன்று கிடைத்தது. ஒருவருடைய வலது காதில் ஒரு பேச்சு, இடது காதில் வேறொரு பேச்சு. ஒன்றை மட்டும் கேட்டு உடனுக்குடன் வாய்விட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னார்கள். மற்றக் காதில் என்ன வந்தது என்று பிறகு கேட்டபோது பேந்தப் பேந்த விழித்தார்கள். ஆண்குரலா பெண்குரலா என்பது தெரிந்திருந்தது. நடுவில் ஆங்கிலம் ஜெர்மனுக்கு மாறியது தெரியவில்லை. பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் என்னிடம் நாகர்கோவில் தமிழில் ஆரம்பித்து, வேலைக்கு வரும் சேச்சியிடம் மலையாளத்தில் முடிக்கிறாள் என் மனைவி. எது எனக்குச் சொன்னது, எது சேச்சிக்குச் சொன்னது என்று நான் எப்படிக் கண்டேன்? பெண்குரல் என்பது தெரியும். அதைச் சத்தியம் செய்து சொல்வேன்.

இதைவிட நல்ல சாட்சியம் 1959இல் நெவில் மோரே செய்தது. கவனிக்காத காதில், கேட்பவருடைய சொந்தப் பெயரையே சொல்லிப் பார்த்தார். மூன்றில் ஒரு பங்குப் பேர்தான் ‘யாரோ என் பெயரைச் சொன்னார்கள்’ என்று கண்டுகொண்டார்கள். உலகம் முழுக்க இதைப் பெயருக்கு உள்ள மகிமை என்று எடுத்துச் சொல்கிறார்கள். நான் மிச்சமுள்ள மூன்றில் இரண்டு பங்கின் கட்சி. தங்கள் சொந்தப் பெயரையே கேட்காதவர்கள் அவர்கள்! இந்தக் கணக்கை மனைவியிடம் சமர்ப்பித்தேன். தேங்காய் துருவிக்கொண்டே சொன்னாள்: “மூணுல ரெண்டு ஆம்பளை இப்படித்தான்னு பக்கத்து வீட்டு அக்காகிட்ட கேட்டாலே சொல்லியிருப்பாங்களே. அதுக்கு எதுக்கு ஆராய்ச்சி?”

தவிரவும், என்னை யாரும் பெயர் சொல்லி அழைப்பதே இல்லை. வீட்டில் நான் ‘என்னங்க’. திருவனந்தபுரத்தில் கரமனையிலும் வலியசாலையிலும் உள்ள தமிழ்க் குடும்பத்து ஆண்கள் பலரும் ‘என்னங்க’தான், அல்லது ‘ஏன்னா’. சாலைக் கடைத்தெருவில் ஏதோ ஒரு அம்மாள் ஜவுளிக்கடை வாசலில் நின்று “என்னங்க” என்றால், எலுமிச்சம்பழம் பொறுக்கிக்கொண்டிருக்கும் நானும் நிமிர்கிறேன், பாத்திரக்கடையில் நிற்கும் இன்னொருவரும் நிமிர்கிறார். இருவரும் பையை எடுத்துக்கொண்டு நாலடி நடந்தும் விடுகிறோம். வெளியே வந்தால் நான் ‘சாரே’. தலைமைச் செயலகம் இருக்கிற ஊர். பாதிப் பேர் உத்தியோகத்தில் இருப்பவர்கள், மீதிப் பேர் ஓய்வு பெற்றவர்கள். சாயங்காலம் ஸ்டாச்யூ சந்திப்பில் நின்றுகொண்டு ஒரு தடவை “சாரே” என்று கூப்பிட்டுப் பாருங்கள், போக்குவரத்தே நின்று திரும்பிப் பார்க்கும்.

ஓய்வு பெற்ற பிறகு எனக்குக் கிடைத்த பதவி, குக்கர் விசில் எண்ணுவது. பொறுப்பு அதிகம், அதிகாரம் கிடையாது, தவறினால் விசாரணை உண்டு. நாங்கள் இருப்பது கேசவதாசபுரம் பக்கம் ஒரு பிளாட்டில். அடுக்களைகள் எல்லாம் ஒரே பொந்தைப் பார்த்து இருக்கின்றன. காலை ஏழரைக்குக் கீழ்வீட்டில் கடலைக்கறி, எதிர்வீட்டில் மட்டையரிசி, எங்கள் வீட்டில் துவரம்பருப்பு. மூன்று குக்கரும் ஒரே பொந்துக்குள் கூவும். முதல் விசில் நம்முடையது, சந்தேகமில்லை, எதிரிலேயே நிற்கிறேன். இரண்டாவது வரும்போது பேப்பரில் தலைப்புச் செய்தியில் இருப்பேன். மூன்றாவது எதிர்வீட்டு விசில் என்று ஒதுக்கிவிடுவேன். நான்காவதில் தீய்ந்த வாசனையும் சேர்ந்து வரும். எங்கள் வீட்டுப் பருப்புக்கு இரண்டே நிலைதான் உண்டு, கூழாங்கல் அல்லது கூழ்.

டெனிஸ் பப்பன் என்ற பிரெஞ்சுக்காரர் 1679இல் லண்டனில் இந்தக் கருவியின் மூதாதையைக் காட்டியவர். பாத்திரத்தை இறுக மூடினால் ஆவி அடைபட்டு அழுத்தம் ஏறும், அழுத்தம் ஏறினால் தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்காமல் மேலும் சூடேறும், எலும்பும் மெத்தென்று ஆகிவிடும் என்று கண்டார். வெடித்துவிடாமல் இருக்க எடை தொங்கவிட்ட பாதுகாப்பு வால்வையும் அவரே வைத்தார். இன்றைய குக்கரில் உள்ளே ஏறக்குறைய 120 டிகிரி. கூடுதல் ஆவி வெயிட்டைத் தூக்கிக்கொண்டு வெளியேறுவதுதான் விசில். தீ அதிகமாக இருந்தால் அடுத்தடுத்து வரும், குறைத்தால் நிதானமாக வரும். ஆகவே விசிலை எண்ணுவது வேகும் நேரத்தை அளக்கிற முறையே அல்ல என்று ஒருநாள் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள். “சரி, அப்போ நாளையிலிருந்து கடிகாரத்தைப் பாத்துச் சொல்லுங்க” என்றாள். விசிலாவது தானாக வந்து கூப்பிடும். கடிகாரத்தை நாம் அல்லவா போய்ப் பார்க்க வேண்டும்?

இத்தனைக்கும் அவள் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டபடி, அங்கிருந்தே “மூணு ஆச்சு, அணைங்க” என்பாள். நாகர்கோவிலில் இருக்கும் தங்கையோடு போனில் சொத்து விவகாரம் பேசிக்கொண்டே, விரல் மடக்கி விசிலை எண்ணுவாள். கீழ்வீட்டு விசில் எது, நம் விசில் எது என்று அவளுக்குத் தெரியும். நம்முடையது தொடக்கத்தில் கொஞ்சம் தும்முமாம். விடிகாலையில் மில்மா பால் பாக்கெட் கதவருகே ‘தொப்’பென்று விழும்போது, அடைமழை கொட்டினாலும் விழித்துக்கொள்வாள். 1960இல் ஆஸ்வால்டு என்பவரும் சகாக்களும் தூங்குகிறவர்களின் காதில் பெயர்களை வரிசையாக ஓடவிட்டுப் பார்த்தார்கள். மற்றவர் பெயர் வந்தபோதைவிட, தங்கள் பெயர் வந்ததும் தூக்கத்திலேயே அதிகம் சலனப்பட்டார்கள். தூங்கும்போதும் உள்ளே யாரோ உட்கார்ந்து தபால் பிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். என் மனைவியின் தபால் பால் பாக்கெட். என்னுடையது, உளுந்து வடை எண்ணெயில் இறங்கும் சத்தம். மத்தியானத் தூக்கத்தில் இடி விழுந்தாலும் எழுந்திருக்காத நான், அந்த ‘சொய்ங்’ கேட்டு அடுக்களை வாசலில் நிற்கிறேன் என்பதுதான் எனக்கு எதிரான மிகப் பலமான சாட்சியம்.

இதிலிருந்து எனக்கு ஒன்று புலப்பட்டது. காது பெரிய சத்தத்துக்கு மயங்குவதில்லை. தனக்கு இதில் பங்கு உண்டா, வேலை உண்டா என்று பார்க்கிறது. பங்கு என்றால் என் காது ஓடுகிறது. வேலை என்றால் என் மனைவியின் காது ஓடுகிறது. குடும்பம் நடப்பது இந்த ஏற்பாட்டில்தான் என்று நான் சொன்னால், யாருக்கு ஏற்பாடு என்று கேட்கிறாள்.

வேலை என்றதும் குளியலறைக் குழாய் நினைவுக்கு வருகிறது. அது சொட்டத் தொடங்கிய காலத்தில் பகலெல்லாம் ஒன்றும் தெரியாது. ராத்திரி பதினொன்றுக்கு மேல், ஊர் அடங்கியபின், ‘ப்ளிங்க்’. சத்தம்கூடப் பெரிதில்லை. அடுத்தது எப்போது என்ற காத்திருப்புதான் ஆளைத் தின்னும். வருமா, வந்துவிட்டதா, நான் கவனிக்கவில்லையா என்று புரண்டுகொண்டிருப்பேன். குறுந்தொகையில் கொல்லன் அழிசி பாடிய பாட்டு ஒன்று உண்டு. ஊரே உறங்குகிறது, தோழியும் தலைவியும் உறங்கவில்லை; வீட்டருகே நொச்சி மரத்திலிருந்து நீலப் பூக்கள் உதிரும் ஓசையைக் கேட்டபடி விழித்திருக்கிறார்கள். அந்த நொச்சி நின்றது ஏழில் மலைப் பக்கம், இன்றைய கண்ணூர் மாவட்டத்து ஏழிமலை. பூ விழும் ஓசையைக் கேட்ட காதுகள் இந்த மலையாள மண்ணில் இருந்திருக்கின்றன. அவர்கள் காத்திருந்தது தலைவனுக்கு. நான் காத்திருந்தது பிளம்பருக்கு, அதுவும் அவரை இன்னும் கூப்பிடாமலேயே.

“எப்போதான் ஆளைக் கூப்பிடுவீங்க?” என்று மனைவி கேட்ட அந்த வேளையில், தெருவில் லாட்டரி வண்டி ஒலிபெருக்கியோடு போனது: “நாளெயாணு... நாளெயாணு... நாளெயாணு...” மறுநாள் குலுக்கல் என்று பொருள். அவள் ஜன்னலைக் காட்டினாள். “உங்க பதிலை அவனே சொல்லிட்டுப் போறான்.” கேரள அரசு 1967இல் லாட்டரித் துறையைத் தொடங்கியது. 1968 ஜனவரி 26இல் முதல் குலுக்கல், முதல் பரிசு 50,000 ரூபாய், சீட்டு ஒரு ரூபாய். அன்றிலிருந்து இந்த ஊர்த் தெருக்களில் ‘நாளை’ என்று கூவிக்கொண்டிருக்கிறார்கள். அதைக் கேட்டு யாரும் கோபப்படுவதில்லை. நான் ஒரு தடவை சொன்னால் மட்டும் குற்றம்.

குழாய்க்கு வருவோம். சொட்டுக்குச் சத்தம் ஏன் வருகிறது என்பதை 2018இல்தான் சரியாகக் கண்டுபிடித்தார்கள். கண்டவர்கள் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் அனுராக் அகர்வால் குழுவினர். அகர்வால் பிரேசிலில் நண்பர் வீட்டில் தங்கியிருந்தபோது மழையில் கூரை ஒழுகியதாம், கீழே வாளி வைத்தார்களாம். நண்பர் வீட்டில் ராத்திரி தூக்கம் கெட்டால் நாமெல்லாம் நண்பரைத் திட்டுவோம். அவர் ஊர் திரும்பி அதிவேகக் காமிராவும் தண்ணீருக்கு மேலும் கீழும் மைக்கும் வைத்துப் பார்த்தார். சொட்டு தண்ணீரில் மோதுவது ஏறக்குறைய ஓசையற்றது. மோதிய இடத்தில் ஒரு குழி விழுகிறது. குழி சட்டென்று மேலெழும்போது அடியில் குட்டிக் காற்றுக்குமிழ் ஒன்று மாட்டிக்கொள்கிறது. அந்தக் குமிழ் அதிர்ந்து நீர்ப்பரப்பை ஆட்டுவதுதான் ‘ப்ளிங்க்’. ஆகவே வாளித் தண்ணீரில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்தால் பரப்பு இழுவிசை குறைந்து, குமிழ் மாட்டாது, சத்தமும் வராது.

படித்த ராத்திரியே அடுக்களையிலிருந்து சோப்புத் திரவத்தை எடுத்துப்போய் வாளியில் ஊற்றினேன். சத்தம் நின்றது! விஞ்ஞானத்தின்மீது எனக்கு இருந்த மரியாதை அன்று கரைபுரண்டது. பிளம்பரும் வேண்டாம், வாஷரும் வேண்டாம், செலவு ஒரு மூடி சோப்பு. நிம்மதியாகத் தூங்கினேன். விடிகாலையில் மனைவி அந்த வாளித் தண்ணீரை எடுத்துத் துளசிக்கு ஊற்றப் போய், நுரையைப் பார்த்து நின்றாள். குழாய் சொட்டுவதை நிறுத்தியிருக்கிறேன் என்று விளக்கினேன். “சொட்டு நிக்கலை. சத்தம்தான் நின்னிருக்கு” என்றாள். அது ஒரு நுட்பமான வேறுபாடு என்பதை ஒப்புக்கொள்கிறேன். அன்றே பிளம்பர் வந்தார். என்னவென்று நாங்கள் சொல்வதற்குள் கூடத்தில் நின்றபடியே காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, “வாஷர் போயி, சாரே” என்றார். கேம்பிரிட்ஜுக்கு வாளி தேவைப்பட்டது. இவருக்கு வாளியும் வேண்டியிருக்கவில்லை.

சத்தம் வந்தால்தான் கவனம் போகும் என்றில்லை. நின்றாலும் போகும். எங்கள் படுக்கையறை மின்விசிறி சுற்றுக்கொரு ‘டக்’ போடுகிறது. அந்த ‘டக்’கில் நாங்கள் இருவரும் நன்றாகத் தூங்குகிறோம். நள்ளிரவில் கரண்ட் போய் அது நின்றால், அந்த நொடியே இருவரும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறோம். ஒரே ஒலி திரும்பத் திரும்ப வரும்போது நடுவில் ஒன்று மாறினால், நாம் வேறெதிலோ மூழ்கியிருந்தாலும் கால் நொடிக்குள் மூளையில் ஒரு மின் அலை எழுகிறது என்று பின்லாந்துக்காரர் ரிஸ்டோ நாட்டனென் 1978இல் காட்டியிருக்கிறார். மூளை எதையும் கேட்காதிருப்பதில்லை, ‘வழக்கம்போலத்தான்’ என்று கோப்பில் எழுதி மூடிவைக்கிறது. அரசு ஊழியத்தில் இருந்தவன் என்பதால் எனக்கு இது எளிதில் விளங்கியது.

இந்த ஊரில் ‘வழக்கம்போலத்தான்’ என்று மூடிவைத்த சத்தங்கள் நிறைய. கிழக்கேகோட்டையில் பழவங்காடி கணபதி கோயிலில் தேங்காய் உடைபட்டுக்கொண்டே இருக்கும். ராணுவத்தின் பொறுப்பில் இருக்கிற கோயில் அது. தேங்காய் வெடிப்பதும் அதற்கேற்ற தோரணையில்தான். அந்தச் சத்தத்துக்குத் துள்ளித் திரும்புகிறவர் வெளியூர்க்காரர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். புதிய ஓசை கேட்டால் தலை திரும்புவதை ‘இது என்ன?’ அனிச்சை என்று பாவ்லோவ் அழைத்தார். அவருடைய நாய்களுக்கு அது இருந்தது, போன மாதம் வந்த என் மைத்துனருக்கும் இருந்தது. நாலைந்து தேங்காய்க்குப் பிறகு அவரும் உள்ளூர்க்காரராகிவிட்டார்.

அவரைப் பத்மநாபசுவாமி கோயில் எதிரே மேத்தன் மணியையும் காட்டக் கூட்டிப்போனோம். 19ஆம் நூற்றாண்டுக் கடிகாரம். மேலே தாடிக்காரர் முகம் ஒன்று. மணிக்கொரு தரம் இரண்டு பக்கமும் இருந்து இரண்டு ஆடுகள் வந்து அவர் கன்னத்தில் முட்டும், அவர் வாயைத் திறப்பார். மைத்துனர் ரசித்தார். என் மனைவி ஆடுகளையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தாள். “இதை வீட்டுல மாட்டுற மாதிரி கிடைக்குமா?” என்று தம்பியிடம் கேட்டாள்.

அவர்கள் இருவரும் சாலைக் கடைத்தெருவில் பாத்திரம் வாங்கப் போக, நான் மட்டும் கேசவதாசபுரத்துக்கு பஸ் ஏறினேன். முன்சீட்டில் ஒரு அம்மாள் போனில் பேசிக்கொண்டு வந்தார். பஸ்ஸின் உறுமல், கண்டக்டரின் ‘ஆள் இறங்ஙானுண்டு’, பாளையத்தில் ஏதோ ஊர்வலத்தின் முழக்கம், எதுவும் என் காதில் விழவில்லை. அந்த அம்மாள் பேச்சு மட்டும் விழுந்தது.

“ஆ, பற... ஐயோ! எப்போ?... எந்நிட்டு?”

நீண்ட மௌனம்.

“அவள் அறிஞ்ஞோ?... எந்நிட்டு?... மாலயோ!”

மாலை காணாமல் போயிற்றா, கிடைத்துவிட்டதா? அவள் என்பது மகளா, மருமகளா? பட்டம் நிறுத்தம் வந்தது. அந்தப் பக்கம் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நானே வசனம் எழுதிக்கொண்டிருந்தேன். 2010இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் லாரன் எம்பர்சன் குழு இதைச் சோதித்தது. இரண்டு பேர் பேசுவது காதில் விழுந்தால் நம் வேலை அவ்வளவாகக் கெடுவதில்லை, ஒருவர் பக்கம் மட்டும் விழுந்தால் கெடுகிறது. அடுத்து என்ன வரும் என்று ஊகிக்க முடியாததால் மூளை விடமாட்டேன் என்று பிடித்துக்கொள்கிறதாம். ஆக, அரை வம்பு முழு வம்பைவிடப் பலமானது. கேசவதாசபுரத்தில் கண்டக்டர் ஒரு மணி அடித்து வண்டி நின்றதும், ஆள் இறங்கியபின் இரண்டு மணி அடித்து வண்டி எடுத்ததும் எனக்குத் தெரியவே தெரியாது. உள்ளூர் நிறுத்தமும் தாண்டியது. ஸ்ரீகார்யத்தில் அந்த அம்மாள், “செரி, ஞான் வந்நிட்டு பறயாம்” என்று போனை வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். மாலையின் கதி இன்றுவரை தெரியாது.

நான் வீடு சேர்ந்தபோது பாத்திரம் வாங்கப் போனவர்களே திரும்பி வந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். வண்டி கிடைக்கவில்லை என்றேன். “எங்கேயாவது வம்பு கேட்டுக்கிட்டு நின்னிருப்பீங்க” என்றாள் மனைவி. அவள் சொல்லி முடித்ததும் ட்யூப்லைட்டுக்குப் பின்னாலிருந்து பல்லி ‘டிக்டிக்டிக்’ என்றது. எங்கள் வீட்டுப் பல்லி நான் பேசும்போது ஒருநாளும் வாய் திறந்ததில்லை. அவள் சுண்டுவிரலால் மேசையைத் தட்டி, “சத்தியம்” என்றாள். மைத்துனரும் தலையாட்டினார். காது டாக்டரின் தாளையெல்லாம் அதற்குப் பிறகு யார் பார்க்கப் போகிறார்கள்?

ஆகையால் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். காலை ஏழரையிலிருந்து எட்டுக்குள் வந்து என்னிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள், பருப்பு அடுப்பில் இருக்கும். போனில் பேசிக்கொண்டே வருவதானால் எதிர்முனைப் பேச்சும் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு வாருங்கள். அழைப்புமணியை ஒரே ஒரு முறை அழுத்துங்கள், எழுந்து வந்து திறக்கிறேன். இரண்டு முறை அழுத்தினால் இந்த ஊர் பஸ்ஸில் ‘வண்டி போகலாம்’ என்று கணக்கு; நான் உட்கார்ந்தே இருப்பேன்.